சக்கரமில்லாதவை

விதிகளை நான்தான் எழுதினேன்,
பேருந்துப் பணிமனையில், இரவு முறையின்போது,
காலாவதியான கால அட்டவணையின் பின்பக்கத்தில்.

செய்யும் விமானத்துக்குச் சக்கரம் கூடாது.
பனிச்சறுக்குக் கட்டை இருக்கலாம், மிதவை இருக்கலாம்.
அளவு அவரவர் விருப்பம்.
முதல்முறை செய்கிறவர் வெட்கப்படக் கூடாது.
நூறாவது முறை செய்கிறவர்
பக்கத்து மேசையைப் பார்த்துப் பெருமூச்சு விடக் கூடாது.
கெடு: கல்லவேசி ஏரியின் பனிக்கட்டி உடையும் நாள்.

"அது என்ன தேதி?" என்றார் தௌனோ.
ஏரியைக் கேளுங்கள் என்றேன்.

குவோப்பியோவில் நவம்பர்
மூன்றரை மணிக்கே கடையைச் சாத்திவிடும்.
நூலகத்தின் அடித்தளத்தில் நான்கு மேசைகள்,
பசை நெடி, கறுத்த காப்பி,
திறக்க வராத ஒரே ஒரு ஜன்னல்.
ஆறு பேர் வந்தால் அதிகம் என்று நினைத்தேன்.
பதினைந்து பேர்.
நாற்காலி போதாமல்
குழந்தைகள் பகுதியிலிருந்து யானை முக்காலிகளைத் தூக்கி வந்தோம்.

கெர்த்து இரட்டை இறக்கை விமானம் செய்தாள்.
பிளாஸ்டிக் சட்டத்தின் மிச்சத்தை
மெழுகுவத்தியில் காட்டி இழுத்தாள்;
முடியைவிட மெல்லிய நூல் வந்தது,
இறக்கைக்கும் இறக்கைக்கும் நடுவே கட்டுவதற்கு.
தௌனோ வாலெண்ணைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுப்
பனிப்பந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசினார், பேசினார்.
எண் நழுவி அவர் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.
அன்றிரவு பதிவு எண்ணோடு வீட்டுக்குப் போனார்.

ஹோதான் டாக்சி ஓட்டுகிறவள்.
பசையை ரொட்டிக்கு வெண்ணெய் போலத் தடவினாள்.
அதன் ஆவியில் விமானியின் கண்ணாடிக் கூண்டு
பாலாக வெளுத்துப்போனது.
நாங்கள் ஆறுதல் சொல்லத் தொடங்குமுன்
"மூடுபனியில் பறக்கிறார், அவ்வளவுதான்" என்றாள்.

இல்மாரி மட்டும் எதுவும் செய்யவில்லை.
மருந்துக்கடைக்காரர்.
வீட்டில் அறுபத்தொரு பெட்டிகள், மேலுறை கிழியாமல்.
எந்த இறக்கையில் எத்தனை ஆணி என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.
ஒன்பது வருடமாக ஒன்றையும் ஒட்டியதில்லை.
ஹோதானின் மஞ்சளைக் குனிந்து பார்த்தார்:
"ஒரு சாயல் அதிகம்."
"யாருடைய வெயிலில்?" என்றாள் அவள்.

அவர் பதில் சொல்லவில்லை.
வேறு எந்த விதியையும்விட அந்தக் கேள்வி
அவரைத் தொந்தரவு செய்திருக்க வேண்டும்.
பிப்ரவரியில் ஒரு பெட்டியோடு வந்தார்.
புதியவர்களின் மேசையில் உட்கார்ந்தார்,
யானை முக்காலியில்.
மேலுறை கிழிந்த சத்தத்தில்
எல்லா அரத்தாளும் நின்றது.

மூன்றாவது வாரம்
அவருடைய இடுக்கியிலிருந்து தெறித்தது
பின்சறுக்குக் கட்டை, ஒரு சீரக அளவு.
பதினைந்து பேரும் முழங்காலில்.
கைபேசி வெளிச்சம், உருப்பெருக்கி,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
கம்பளத்தை இழை இழையாகப் பிரித்தோம்.
கிடைத்தவை: எட்டு மாதத்துக்கு முன் தொலைந்த துப்பாக்கிக் குழல்,
இரண்டு விசிறி முனை, ஒரு பால்பல்.
கட்டை இல்லை.

ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியை
நகம் வெட்டியால் வெட்டி நீட்டினாள் ஹோதான்.
இல்மாரி அளந்தார். அரை மில்லிமீட்டர் நீளம்.
மறுபடி அளந்தார்.
ஒட்டினார்.

ஏரி ஏப்ரல் இருபத்தாறில் உடைந்தது,
யாருக்கும் சொல்லாமல், விடிகாலையில்.
மேசையில் வைக்க ஒன்பதுதான் தயார்.
மற்ற ஆறையும் அப்படியே வைத்தோம்,
வால் இல்லாதது, வண்ணம் காயாதது,
வலப்புறம் மட்டும் உள்ள ஒன்று.
பரிசு கிடையாது என்பதை விதியில் எழுத மறந்திருந்தேன்;
யாரும் கேட்கவில்லை.
இல்மாரியின் விமானம்
வால் கொஞ்சம் உயர்த்தி நின்றது,
கிளம்பிவிடப் போவதுபோல.

ஜூனில் கம்பளிச் சட்டைகளைத் துவைத்து மடித்தபோது
என் இடது கை முனையின் பின்னலில்
சாம்பல் நிறத்தில் ஏதோ குத்தியது.
தீப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.
இல்மாரியிடம் இன்னும் சொல்லவில்லை.